நேற்றைய மீன்

காலை ஆறேகாலுக்கு உப்புவெளியில் ஏற்றினேன்.
பெயர் கிராசிந்தா. போர்த்துக்கல்லில் செத்தூபல் என்றாள்.
தலையாட்டினேன்,
எந்த ஊருக்கும் ஆட்டுகிற அதே ஆட்டு.

வெள்ளைக்காரருக்குச் சந்தை காட்ட
என்னிடம் ஒரு பாடம் இருக்கிறது.
முதலில் செத்தல் மிளகாய்க் குவியல்: படம்.
பிறகு பனங்கட்டிக் குட்டான்: படம், ஒரு கடி.
பிறகு ரவீந்திரராசா கடையில் கறுவாப்பட்டை,
இருநூறு ரூபாய்ப் பொதி எண்ணூறுக்கு.
அதில் எனக்கு நூற்றைம்பது.
மீன் பக்கம் கடைசியில்,
எட்ட நின்று, மூக்கைப் பொத்த நேரம் கொடுத்து.

அவள் போனையே எடுக்கவில்லை.
மிளகாயைத் தாண்டினாள்.
கோவா இலை தின்றுகொண்டு நின்ற புள்ளிமானை
வழி மறித்த மாட்டைப்போல்
இடுப்பால் ஒதுக்கிவிட்டு நடந்தாள்.
எல்லாரும் அந்த மானோடு அரை மணித்தியாலம் நிற்பார்கள்.
நான் தேத்தண்ணி குடிப்பது அப்போதுதான்.

ஈரத் தரை. சப்பாத்தில் செதில்.
ஜுனைதீனின் பலகையில் அறக்குளா இரண்டு, ஒரு பாரை,
கூடை நிறையச் சூடை.
கேட்காமலே கையை விட்டாள்.
அறக்குளாவின் செவுளைத் தூக்கினாள்,
கண்ணை ஒரு தரம் அமுக்கினாள்,
பெருவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டி
"ஒந்தேம்" என்றாள்.

அந்தப் பாஷை எனக்கும் தெரியாது
கிண்ணியாக்காரனுக்கும் தெரியாது.
தோளுக்குப் பின்னால் என்ன கிடக்கும் என்பது
இரண்டு பேருக்கும் தெரிந்தது.
"விடியச் சாமம் வந்த மீன் எண்டு சொல்லடா!"
சொன்னேன், என் இங்கிலீசில்.
அவளுடைய இங்கிலீசும் அவ்வளவுதான்.
"ஒந்தேம்."

பக்கத்துப் பலகைக்காரர் சிரித்துவிட்டார்.
ஜுனைதீன் சாரத்தை மடித்துக் கட்டினான்.
ஓட்டோவை எங்கே விட்டேன் என்று
நான் யோசிக்கத் தொடங்கினேன்.
அவனோ குனிந்து, ஐஸ் பெட்டியின் அடியில்
ஹோட்டல்காரருக்கென்று ஒளித்து வைத்ததை இழுத்து
பலகையில் அறைந்தான்.
விறைத்து, வளைந்து,
இன்னும் கோபம் ஆறாத மீன்.

அவள் உள்ளங்கையை நீட்டினாள்.
சொந்தத் தம்பிக்கும் தராத கத்தியைக்
கொடுத்துவிட்டான்.
ஏன் என்று இன்றுவரை சொல்லமாட்டான்.
முள் தனியே, சதை தனியே.
மேலே காத்திருந்த காகத்துக்கு
ஒரு துணுக்குக்கூட மிச்சமில்லை.
பத்து விரலையும் மூன்று தரம் விரித்து
பிறகு ஒற்றை விரலை நீட்டினாள்.
முப்பத்தொரு வருசம் மீன் விற்கிறாளாம்.
கடல் கடந்து லீவில் வந்தும் மீன் பார்க்கிறாள்.
சிரிக்க முடியாது.
கண்டிக்குப் போனால் நானும்
ஓட்டோக்களைத்தான் பார்க்கிறேன்.

சூடை இரண்டு கிலோ, ஊர் விலைக்கு.
கறுவாப்பட்டை இல்லை. நூற்றைம்பது இல்லை.
பேக்கரியில் "பாவ்" என்று கேட்டாள்.
பெடியன் யோசிக்காமல் ஒரு றாத்தல் பாண் எடுத்துக் கொடுத்தான்.
இவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான் என்று
அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் வழியில் கோட்டையைக் காட்டினாள், யார் கட்டியது?
உங்கள் ஆட்கள்தான் தொடங்கினார்கள் என்றேன்.
எந்தக் கல்லை எடுத்து, என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
அவள் மடியில் மீன் இருந்தது,
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

போன கிழமை ஒரு ஜெர்மன் சோடி.
மிளகாய், படம். குட்டான், படம்.
மானோடு முக்கால் மணித்தியாலம்.
மீன் பலகையில் என்ன பிடித்ததோ,
என் கை தன்பாட்டில் போய்ச் செவுளைத் தூக்கியது.
வாய் திறக்குமுன்னே
பெருவிரல் தோளுக்குப் போய்விட்டது.

ஜுனைதீன் எறிந்த ஐஸ் கட்டி
சட்டைக்குள் விழுந்து
கோணேசர் கோவில் சந்திவரை
உருகிக்கொண்டே வந்தது.